ஓவர்சியர் சார் வைத்த புள்ளிகள்

கம்ப்யூட்டரில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும் ஒரு நாளை அடையாளம் வைத்துக்கொண்டால், பின்னால் கெட்டுப்போகும்போது அந்த நாளின் நிலைக்கு அதைத் திருப்பிவிடலாம். அப்படி அடையாளம் வைக்கும்போது, 'இதற்கு ஒரு பெயர் கொடுங்கள்' என்று கேட்டுக்கொண்டு வெறுமையாக வந்து நிற்கும் அந்தப் பெட்டி. இருபது வருடமாகக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். அதில் யாரும் உருப்படியாக எதையும் எழுதிப் பார்த்ததில்லை. நானே வாய்க்கு வந்த நாலு எழுத்தைத் தட்டிவிட்டுப் போகிறவன்தான். அந்தப் பெட்டியை மதித்து எழுதிய ஒரே மனிதர் சேரன்மகாதேவி ஓவர்சியர் சார்.

பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்வீஸ் முழுக்க வாய்க்காலும் மதகும்தான். தினமும் காலையில் மதகுச் சுவரில் கோடு போட்டிருக்கும் அளவைப் பார்த்து, தண்ணீர் எத்தனை அடி என்று பதிவேட்டில் எழுதுவது அவர் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் காலையில் நடந்து போய் அந்த அளவைப் பார்த்துவிட்டுத்தான் வருவார். கேட்கத்தான் ஆள் இல்லை. மகளுக்கு அமெரிக்காவில் பிரசவம் என்று அவர் மனைவி ஆறு மாதத்துக்குப் போனவர், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் அங்கேயே தங்கிவிட்டார். அந்தக் குளிர் தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று சார் இங்கே. அந்தப் பெரிய வீட்டில் ஒரு ஆள், ஒரு கம்ப்யூட்டர், அதன் தலையில் ஒரு கேமரா.

பாளையங்கோட்டையில் நான் வேலை பார்த்த கடைக்குப் போன் செய்து கூப்பிட்டிருந்தார். முதல் தடவை பெரிதாக ஒன்றும் கோளாறு இல்லை. வேண்டாத புரோகிராம்கள் நாலைந்து ஏறி உட்கார்ந்திருந்தன. அவற்றை எடுத்துவிட்டு, புள்ளி வைக்கும் வித்தையைக் காட்டிக்கொடுத்தேன். அதற்கு ரெஸ்டோர் பாயின்ட் என்று பெயர். புள்ளி என்பது நான் சொன்னது.

"கம்ப்யூட்டர் நல்லா ஓடுத அன்னைக்கு ஒரு புள்ளி வச்சிக்கிடுங்க சார். கெட்டுப்போச்சுன்னா அந்த நாளுக்குத் திரும்பிரலாம்."

"எந்த நாளுக்கு வேணும்னாலும் போலாமா வே?"

"புள்ளி வச்ச நாளுக்குத்தான் போக முடியும்."

வெறுமையாக நின்ற பெட்டியைத் தொட்டுக் காட்டினார். "இந்தப் பெட்டியில என்ன எழுதணும்?"

"அது என்ன நாளுன்னு உங்களுக்கு ஞாபகம் வரணும்லா, அந்த மாதிரி எதையாவது எழுதுங்க."

மாதம் ஒன்று வைத்தால் போதும் என்று சொல்லாமல் விட்டது என் தப்பு. முப்பது வருடம் பதிவேடு எழுதிய கையிடம் ஒரு பெட்டியைக் காட்டி எழுதச் சொன்னால் அது ஒரு நாளும் விடாது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அவர் போட்டுத் தந்த காப்பி பாயசமாக இனித்தது. பாதி குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

இரண்டரை மாதம் கழித்து மறுபடியும் கூப்பிட்டார். பேத்தி படங்களைப் பென் டிரைவில் ஏற்றி ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் போட்டு வந்திருக்கிறார். படங்களோடு வைரஸையும் வாங்கி வந்துவிட்டார். கம்ப்யூட்டரைத் திறந்தால் கறுப்புத் திரை வந்து அப்படியே நின்றது. ஒன்பது நாளாக வீடியோ கால் இல்லை. அவரிடம் இருந்தது பேச மட்டும் உதவும் பட்டன் போன். "குரலு வருது, மொகம் வரலையே வே" என்றார். நான்கு நாள் தாடி. வீட்டில் அடுப்பு மூட்டிய வாசனை கூட இல்லை.

கம்ப்யூட்டரை மீட்புத் திரையில் திறந்தேன். மற்றதெல்லாம் படுத்துவிட்டாலும் அந்த நீலத் திரை மட்டும் எழுந்து வரும். பழைய நாளுக்குத் திருப்பும் பகுதிக்குப் போனேன். முதலில் நாலைந்து புள்ளிகளைத்தான் காட்டும். எல்லாவற்றையும் காட்டு என்று ஒரு டிக் போட்டால் மீதியும் வரும். போட்டேன். திரை நிரம்பி, கீழே இறங்கிக்கொண்டே போனது. சார் சமையலறையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தார்.

தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி.

'தண்ணீர் மூன்றரை அடி. போன் இல்லை.'

'தண்ணீர் மூன்றரை அடி. குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது.'

'தண்ணீர் மூன்று அடி. ரசம் வைத்தேன். கொட்டிவிட்டேன்.'

'தண்ணீர் பார்க்கப் போகவில்லை. காய்ச்சல். அவளிடம் சொல்லவில்லை.'

'தண்ணீர் நான்கு அடி. போன் வந்தது. நன்றாக இருக்கிறேன் என்று சொன்னேன்.'

எல்லாவற்றுக்கும் அடியில், முதல் புள்ளி: 'கம்ப்யூட்டர் தம்பி வந்தார். ஒரு மணி நேரம் இருந்தார். காப்பி நன்றாக இருக்கிறது என்றார்.'

அடுத்தவர் வீட்டு பீரோவைத் திறந்துவிட்டதுபோல எனக்குக் கூசியது. வைரஸ் வருவதற்கு முந்தைய ஒரு நாளைத் தேர்ந்து சொடுக்கினேன். கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டர் எழுந்துகொண்டது. பேத்தி படங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் துப்புரவு செய்யும் புரோகிராமை ஓட்டினால், புள்ளிகளுக்குள்ளேயும் வைரஸ் பதுங்கியிருப்பதாகக் காட்டியது. அப்படி இருந்தால் பழைய புள்ளிகளை மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று வைக்க வேண்டும். விட்டுவைத்தால் என்றைக்காவது அது வெளியே வரும், மறுபடியும் முகம் தெரியாமல் போகும். கடையில் எங்களுக்குச் சொல்லித்தந்த முறை அதுதான். அதில் பிசகு ஒன்றும் இல்லை.

காப்பியோடு வந்தவரிடம் சொன்னேன். டம்ளரை வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

"எல்லாத்தையுமா?"

"ஆமா சார்."

"அதுல எழுதுனதை மட்டும் ஒரு தாள்ல எழுதி எடுத்துக்கிடலாமா வே? பைய நான் எழுதுதேன். நீரு இருந்தாப் போதும்."

எனக்கு அடுத்த வேலை கங்கைகொண்டானில், பாளையங்கோட்டையையும் தாண்டி அந்தக் கோடி. மணியைப் பார்த்தேன். அவர் எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். "அதுல என்ன சார் இருக்கு, வெறும் தேதிதானே" என்றேன். ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டு அப்படிச் சொன்னேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் படித்துவிட்டேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதற்கு மேல் கேட்டால் உள்ளே என்ன எழுதினார் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கும். தன்மானமுள்ள மனிதர். "சரி வே. தொடைச்சிரும்" என்றார்.

ஒரு சொடுக்குதான், அத்தனை நாளும் போயிற்று. புதுப் புள்ளி வைக்கப் பெட்டி வந்து நின்றது. என்ன எழுத என்று கேட்டேன். "வைரஸ் போச்சுன்னு எழுதும்" என்றார்.

அப்புறம் வீடியோ கால் போட்டுக்கொடுத்தேன். அந்தப் பக்கம் அந்த அம்மா, மடியில் குழந்தை. "மெலிஞ்சிட்டியளே, ஒழுங்காச் சாப்பிடுதியளா?" என்று கேட்டார். சார் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். "எனக்கென்ன, இங்கன எல்லாம் நல்லாத்தான் இருக்கு. வாய்க்கால்ல தண்ணி நாலடி ஓடுது" என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு சொல்லாமலே வந்துவிட்டேன். அன்றைக்குக் காப்பியைத் தொடவே இல்லை.

ஒரு வருடம் கழித்து அந்தப் பக்கம் போனபோது வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு அம்மாள், "அண்ணாச்சி அமெரிக்காவுக்கே போயிட்டாவ தம்பி" என்றார். நல்லது என்று மனதாரச் சந்தோஷப்பட்டேன். ஆனாலும் ஒரு தாளும் பேனாவும் ஒரு மணி நேரமும்தான் அவர் கேட்டது. அதைக் கொடுக்காத வெட்கம் இன்னும் போகவில்லை.

இப்போது மகள் படிப்புக்காக என் மனைவியும் மகளும் சென்னையில். நான் கடையைக் கட்டிக்கொண்டு பாளையங்கோட்டையில். கடை இப்போது என்னுடையது. வீட்டுக் கம்ப்யூட்டரைப் பழுது பார்க்கக் கூப்பிடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். போன வாரம் என்னுடைய கம்ப்யூட்டரிலேயே வைரஸ் ஏறிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து மீட்புத் திரையைத் திறந்தேன். எல்லாப் புள்ளிகளும் கம்ப்யூட்டர் தானாக வைத்தவை. ஒவ்வொன்றிலும் ஒரே வாசகம், வெறும் தேதிதான் வேறு. எந்த நாளுக்குத் திரும்பினாலும் ஒன்றுதான் என்று தோன்றியது. ஒன்றைத் தேர்ந்து சொடுக்கினேன்.

எல்லாம் சரியாகி, பழைய புள்ளிகளை அழித்து முடிக்கும் நேரத்தில் மனைவி போன் செய்தாள். "என்ன செய்யுதிய? சாப்பிட்டியளா?" என்று கேட்டாள். மத்தியானம் சமைக்கவில்லை. "சாப்பிட்டேன். இங்கன எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது. அவள் மகளைக் கூப்பிட்டுப் பார்த்தாள். மகள் ஏதோ படித்துக்கொண்டிருந்தாள். வைத்துவிட்டோம்.

புதுப் புள்ளி வைக்கப் போனேன், திரையில் அந்தப் பெட்டி வெறுமையாக வந்து நின்றது. வழக்கம்போல நாலு எழுத்தைத் தட்டப் போனவன் கையை எடுத்துக்கொண்டேன். ஆற்றில் தண்ணீர் எவ்வளவு என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டு மைலில் ஆறு, எனக்குத் தெரியவில்லை. பிறகு, பைய, ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன்: 'தண்ணீர் தெரியவில்லை. போன் வந்தது. நன்றாக இருக்கிறேன் என்று சொன்னேன்.'