திருக்கைக்குச் சொல்லிப் போனவர்

காக்கைதீவுக் கடலில் வீச்சுவலையோடு இறங்குகிற தியாகலிங்கம், ஒருமுறை திருக்கை மீன் குத்தி ஒன்பது நாள் காய்ச்சலில் கிடந்தார். அதற்குப் பிறகு அவர் காலைத் தூக்கி வைத்ததேயில்லை. திருக்கை கண்ணை மட்டும் வெளியே விட்டுச் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். மிதித்தால்தான் வாலைச் சுழற்றி முள்ளை ஏற்றும். காலை இழுத்துக்கொண்டு போனால் சேறு அதிர, தானாகவே விலகிவிடும். அந்தப் பழக்கத்தில் அவர் கோயில் வீதியிலும் இழுத்துத்தான் நடந்தார்.

"இஞ்சருங்கோ, செருப்புத் தேயுது. காலைத் தூக்கி வையுங்கோவன்" என்று மனைவி தங்கமுத்து ஏசாத நாளில்லை.

"வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனால் அது ஒண்டும் செய்யாதப்பா" என்பார்.

போர் நடந்த தொண்ணூற்றோராம் ஆண்டு ஒரு காலை, படையினரின் ஹெலிகொப்டர் வந்து கடலில் நின்றவர்களைச் சுட்டுவிட்டுப் போனது. தங்கமுத்து கரைக்கு ஓடினாள். வற்றிய சேற்றில் அவர் கால் இழுத்த இரண்டு கோடுகள் கடலுக்குள் போயிருந்தன. திரும்பி வந்த கோடு இல்லை.

"மீனுக்கே சொல்லிப்போட்டுப் போற மனுசனையடா!" என்று வானத்தைப் பார்த்துக் கத்தினாள்.

பின்னேரம் தண்ணீர் ஏறத் தொடங்கியது. அவள் குந்தியிருந்து இரண்டு கையாலும் சேற்றை அள்ளி, அந்தக் கோடுகளைச் சுற்றி வரம்பு கட்டினாள்.