தறி வீட்டில் முதல் வார்த்தை

என் மகள் பத்தாம் மாதத்தில் நடந்தாள். பல்லடத்தில் அதற்கு முன் எந்தக் குழந்தையும் நடந்ததே இல்லை என்பது போல நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். டீக்கடையில் சொன்னேன், நூல் மூட்டை இறக்க வந்தவரிடம் சொன்னேன், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாதவரிடமும் சொன்னேன். "அப்படியே என்னைக் கொண்டிருக்குதுங்க" என்று ஒவ்வொரு முறையும் சேர்த்துக்கொள்வேன். நான் எத்தனையாவது மாதத்தில் நடந்தேன் என்பது எனக்கே தெரியாது.

ஒன்றரை வயதில் அவளுக்குப் பேச்சு வரவில்லை. அது அவள் அம்மா வழி என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு வயது முடிந்தபோது அப்படிச் சொல்லிச் சமாளிக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் அவளைவிட மூன்று மாதம் இளையவன். வாசலில் நின்றுகொண்டு போகிற மாடு, வருகிற சைக்கிள் எல்லாவற்றையும் பேர் சொல்லிக் கூப்பிடுவான். என் மகள் வாயே திறக்க மாட்டாள். மற்றபடி படு கெட்டிக்காரி. கூடையில் கலந்து கிடக்கும் நூல் சுற்றிய குச்சிகளில் பச்சையைத் தனியாக, சிவப்பைத் தனியாக எடுத்து வைப்பாள். காலி டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் ஏறி, மாடத்தில் ஒளித்து வைத்த பொட்டுக்கடலையை எடுத்துவிடுவாள்.

"வசம்ப உரசி, தேன்ல கொழச்சு நாக்குல தடவுங்க. பத்தே நாள்ல பேசிப்போடும்" என்றார் அந்தப் பையனின் அம்மா. தடவினோம். பத்து நாளில் மகள் தேன் பாட்டில் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தாள். அவ்வளவுதான் நடந்தது.

அது அறுபதுகளின் கடைசி. எங்கள் வீட்டு முன்கூடத்தில் நான்கு விசைத்தறிகள். எனக்கு இரண்டு, மனைவிக்கு இரண்டு. காலையில் மோட்டார் போட்டால் இருட்டும்வரை ஓடும். அந்தச் சத்தத்தில் பேசினால் தொண்டைதான் போகும். அதனால் தறிக்காரர்கள் எல்லோரையும் போல நாங்களும் கையால் பேசினோம். பெருவிரலை உதட்டில் வைத்தால் தண்ணீர். இரண்டு விரலைச் சொடுக்கினால் இழை அறுந்துவிட்டது. உள்ளங்கையைக் கவிழ்த்தால் மோட்டாரை நிறுத்து. சண்டைகூடக் கையால்தான் போட்டோம். அடிதடி என்று நினைக்க வேண்டாம், அதுவும் சைகைதான்.

ஒரு நாள் எனக்குள் இருந்த விஞ்ஞானி விழித்துக்கொண்டான். குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். பித்தளைத் தாம்பாளத்தையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். தறிகள் நான்கும் ஓடிக்கொண்டிருந்தன. ஓங்கி ஒரு அடி அடித்தேன். அவள் திரும்பவில்லை. இன்னும் ஓங்கி அடித்தேன். திரும்பவில்லை. மூன்றாவது அடியில் தாம்பாளம் நெளிந்தது.

நூல் மூட்டை மேல் உட்கார்ந்து அழுதேன். நாலடி தள்ளி நின்ற என் மனைவியும் திரும்பிப் பார்க்கவில்லை என்பதை நான் யோசிக்கவில்லை. தாம்பாளச் சத்தம் எனக்கே சரியாகக் கேட்கவில்லை என்பதையும் யோசிக்கவில்லை. மனைவியைத் தொட்டுக் கூப்பிட்டு, என் காதைக் காட்டி, குழந்தையைக் காட்டி, கையை விரித்தேன். மோட்டார் சத்தத்தில் ஏதோ வித்தியாசம் என்று எடுத்துக்கொண்ட அவள், போய் மோட்டாரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எல்லாம் சரிதான் என்று தலையாட்டினாள்.

சாயங்காலம் மோட்டாரை நிறுத்திய பிறகுதான் வாயால் சொன்னேன். "நம்ம பாப்பாவுக்குக் காதே கேக்காதுங்களா?" என்று கேட்டவள் அப்புறம் சாப்பிடவில்லை. எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. எங்களுக்குப் பிறகு இந்தக் குழந்தை யாரிடம் போய் எதைக் கேட்டு வாங்கும் என்ற பயம்.

கோயமுத்தூரில் ஒரு குழந்தை டாக்டரம்மாவிடம் போனோம். அமைதியான அறை. மகளை என் மடியில் உட்கார வைத்து, அவளுக்குப் பின்னால் போய் டாக்டரம்மா ஒரு காகிதத்தை மெல்லக் கசக்கினார். மகள் வெடுக்கென்று திரும்பினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"தண்ணி வேணும்னா எப்படிக் கேப்பா?" என்றார்.

அதற்குள் மகளே அவரைப் பார்த்துப் பெருவிரலை உதட்டில் வைத்தாள். கதவருகே நின்ற என் மனைவி, பையில் தண்ணீர் இருக்கிறது என்று எனக்குக் கையால் சொன்னாள். எடுத்து வா என்று நானும் கையால் சொன்னேன். டாக்டரம்மா எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாங்க தறிக்காரங்க அம்மா!" என்று கத்தினேன்.

"மெதுவாச் சொல்லுங்க, எனக்குக் காது நல்லாக் கேக்குது. வீட்ல இவகிட்ட என்ன பேசுவீங்க?"

யோசித்துப் பார்த்தேன். இரண்டு வருஷத்தில் நான் மகளிடம் பேசிய ஒரு முழு வாக்கியம்கூட நினைவுக்கு வரவில்லை. இருட்டும்வரை தறி. அப்புறம் சாப்பாடு, தூக்கம். அவள் எங்களிடமிருந்து ஒரு பாஷையைப் பழுதில்லாமல் கற்றுக்கொண்டிருக்கிறாள், நான்தான் அவளை ஊமை என்று நினைத்து அழுதிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. தினமும் ஒரு மணி நேரமாவது தறியை நிறுத்திவிட்டு எதையாவது பேசச் சொல்லி டாக்டரம்மா அனுப்பினார்.

மறுநாள் மத்தியானமே நிறுத்தினேன். சத்தம் நின்றதும் மகள் பயந்து அழுதாள். சமாதானப்படுத்தி எதிரே உட்கார்ந்தேன். நூல் வியாபாரிகளைக் கண்டால் வாயடிக்கிற எனக்கு, இரண்டு வயதுப் பெண்ணிடம் சொல்ல ஒன்றும் இல்லை. "சாப்பிட்டியா?" என்று மூன்று தரம் கேட்டேன். கைகள் தாமாகவே சைகைக்குப் போயின. அவற்றைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். மனைவி சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டாள்.

பிறகு வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். கூரையில் ஒழுகும் இடம், எனக்குப் பயம் காட்டிய வாத்தியார், பழனிக்கு நடந்துபோய்க் காலில் கொப்புளம் கண்டது. மகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். மனைவியும் வேலையைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவாள். "நீங்க இத்தன பேசுவீங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாதுங்க" என்றாள் ஒரு நாள். கல்யாணமாகி அப்போது நான்கு வருஷம்.

இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மத்தியானம் நிறுத்திய தறியில் குனிந்து இழை முடிந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து தொண்டை கிழிய ஒரு சத்தம்.

"ஏனுங்க!"

மனைவி அடுப்படியில் இருந்தாள். நான் முதுகு காட்டி நின்றால் அவள் சைகை என் கண்ணில் படாது. அப்போது மட்டும் அவள் அடிவயிற்றிலிருந்து அப்படிக் கத்தி என்னைக் கூப்பிடுவாள். எங்கள் வீட்டில் தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்ட ஒரே வார்த்தை அதுதான். திரும்பினேன். மகள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க!" என்றாள் மறுபடியும்.

சொல்லுங்க கண்ணு என்று சொல்ல வாயெடுத்தேன். கையை நீட்டி, வா என்று சைகைதான் காட்டினேன்.