நாற்றம் நின்ற நாள்

அவருடைய மூக்கில் தொடங்காமல் அவருடைய கதையைச் சொல்ல முடியாது. ஆள் வருவதற்கு முன்னால் மூக்கு வந்துவிடும், அப்படி ஒரு மூக்கு. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பதிவேட்டோடு சரி. கம்பெனி முழுக்க அவர் ‘மோப்பம்’.

செல்போன் டவர்களின் பேட்டரிகளைப் பார்த்துக்கொள்வது வேலை. கரண்ட் போனால் விளக்கு அணைகிறது, விசிறி நிற்கிறது, கையிலிருக்கும் போன் மட்டும் பேசிக்கொண்டே இருக்கிறது. ஏன் என்று எவராவது யோசித்ததுண்டா? ஒவ்வொரு டவருக்கும் பக்கத்தில் ஓர் அறை. அதில் இரும்புத் தாங்கிகளில் இரண்டடுக்காக இருபத்துநாலு பேட்டரிச் செல்கள், ஒவ்வொன்றும் இரண்டு ஆள் சேர்ந்து தூக்கும் கனம். கரண்ட் இருக்கும்வரை சார்ஜர் அவற்றுக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும். போய்விட்டால் அவை டவரைத் தாங்கும். இப்படிப் பன்னிரண்டு அறைகளின் சாவி மோப்பத்தின் இடுப்பில் சலங்கையாய்க் குலுங்கியது.

முறைப்படி பார்த்தால் மாதம் ஒரு தடவை ஒவ்வொரு செல்லாக மீட்டர் வைத்து அளக்க வேண்டும், தொட்டுச் சூடு பார்க்க வேண்டும், எழுத வேண்டும். அறைக்கு இரண்டு மணி நேரம் ஆகும். மோப்பத்துக்கு இரண்டு நிமிடம் போதும். கதவைத் திறந்து வாசற்படியில் நிற்பார். கண்ணை மூடுவார். ஒரே ஒரு மூச்சு, நீளமாக. “கீழ்த் தட்டு, ஏழாவது” என்பார். மீட்டர் வைத்துப் பார்த்தால் ஏழாவது செல்தான் கெட்டிருக்கும். ஒரு தடவை ஓடுகிற பஸ்ஸில் திடுக்கென்று எழுந்து, “நிறுத்துங்க! அந்த மாடியில ஒரு செல் வெந்துக்கிட்டிருக்கு!” என்று கத்தினாராம். பஸ்ஸில் இருந்தவர்கள் இவருக்குத்தான் மூளை வெந்துவிட்டது என்று நினைத்தார்கள். ஓடிப்போய்ப் பார்த்தால், நாலாவது மாடி டவர் அறையில் ஒரு செல் பூசணிக்காயாய் உப்பியிருந்தது. பஸ் நின்றது மெய்யோ பொய்யோ, செல் உப்பியிருந்தது மெய்.

வாயு கசிந்தால் கூவும் சிறு பெட்டிகள் அறைக்கு ஒன்று வீதம் வந்தபோது, மேலதிகாரி அவற்றைத் திருப்பியே அனுப்பிவிட்டார். “நம்மகிட்ட மோப்பமே இருக்காரு. பொட்டி எதுக்கு?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மோப்பமும் கூச்சத்தோடு சிரித்தார். அன்று மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது என்னவோ உண்மை.

அந்த மூக்கு எட்டு மாதங்களுக்கு முன்னால் செத்துப்போனது.

பத்து நாள் காய்ச்சல்தான். பதினோராம் நாள் குளிக்கப் போனவர் சோப்பை மூக்கருகே கொண்டுபோனார். ஒன்றுமில்லை. ஒட்ட வைத்து இழுத்தார். கல்லை முகர்ந்தாலாவது கல்வாடை வரும். இதில் அதுவும் இல்லை. ஒரு வாரத்தில் சரியாகும் என்று இருந்தார், ஒரு மாதம் போயிற்று. யாரிடமும் சொல்லவில்லை. மூக்கு இல்லாத மோப்பத்தை யார் மோப்பம் என்று கூப்பிடுவார்கள்?

காய்ச்சலுக்குப் பின் முதல் அறைக்குப் போனபோது காவலாளி வழக்கம்போல வேடிக்கை பார்க்க வந்து நின்றான். மோப்பம் கண்ணை மூடி மூச்சை இழுத்தார். வெறும் காற்று உள்ளே போயிற்று, வெறும் காற்று வெளியே வந்தது. “எல்லாம் நல்லா இருக்கு” என்று கையெழுத்துப் போட்டார். அடுத்த அறைக்கு, மனசு கேட்காமல், மீட்டரை எடுத்துக்கொண்டு போனார். அங்கே இருந்த காவலாளி, “என்னண்ணே, மூக்குக்கு லீவா?” என்று கேட்டுவிட்டான். கேலிதான், ஆனால் சுருக்கென்றது. மீட்டர் பைக்குள் திரும்பிப் போயிற்று. அதற்குப் பிறகு வெளியே வரவே இல்லை. பன்னிரண்டு அறை, எட்டு மாதம், அத்தனைக்கும் “நல்லா இருக்கு”.

அந்தப் பன்னிரண்டில் ஒன்று அவர் வீட்டுச் சுவருக்கு அந்தப்பக்கம் இருந்தது. ஐந்து மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் டவர், அதன் காலடியில் பேட்டரி அறை, அதை ஒட்டி ஒரே ஓர் அறை. டவரைப் பார்த்துக்கொள்கிற ஆளுக்கென்று கொடுத்தது. அதில் மோப்பம், மனைவி, ஏழு வயது மகள், மாமியார். நடுச்சுவரின் அடியில் கேபிள் நுழைகிற ஓட்டை ஒன்று உண்டு. அதைப் பழந்துணியால் அடைத்து, அதற்கு நேரே பாயைப் போட்டு மாமியார் மதியத்தில் படுப்பார். சுவர் கதகதவென்று இருக்கிறது, முட்டிவலிக்கு இதம் என்பார். போன மாதத்திலிருந்து இன்னும் இதமாக இருக்கிறது என்றார். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் மாமியார் தட்டைத் தள்ளிவைத்தார்.

“முட்டை அழுகின நாத்தம் அடிக்குது. உங்களுக்கு அடிக்கலையா மாப்ள?”

மோப்பத்துக்குக் கை நின்றது. மூன்று பேரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். பேட்டரி அறையும் அழுகின முட்டையும் ஒரே வாக்கியத்தில் வந்தால் என்ன பொருள் என்று அவருக்குத் தெரியும், இருபது வருடத் தொழில். ஆனால் பேட்டரிதான் என்று சொன்னால், “அப்ப ஏன் உங்களுக்கு வாடை வரல?” என்கிற கேள்வி பின்னாலேயே வரும். மூக்கை உயர்த்தினார். நாலு திசையிலும் திருப்பினார். நீளமாக இழுத்தார்.

“சாக்கடை, அத்தை. கீழே எங்கேயோ அடைச்சிருக்கு.”

“அஞ்சு மாடி ஏறியா வருது சாக்கடை? அதுக்கு முட்டி வலிக்காதா?”

“அம்மா, சும்மா இரு. அவரு மூக்கைவிடவா உன் மூக்கு?” என்றாள் மனைவி. அவள் பெருமையாகத்தான் சொன்னாள்.

மாமியார் விடவில்லை. “அந்த மூக்குக்குத்தான் போன வாரம் திரிஞ்ச பாலைக் குடுத்தேன். நல்லா இருக்குன்னு முழுசா குடிச்சாரு.”

மகள் களுக்கென்று சிரித்தாள். மோப்பமும் சிரித்தார். சிரிப்பு பல்லோடு நின்றுவிட்டது.

நாளைக்கு மீட்டர் வைத்துப் பார்த்துவிடலாம் என்று நினைத்தார். புதன்கிழமை வேறு டவரில் ஜெனரேட்டர் கோளாறு. வியாழக்கிழமை கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார், வாசற்படியோடு. காற்றை வெளியே தள்ளும் விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. “எதிர்மாடி அம்மா பார்க்குது, மீட்டரை எடுத்தா ஏன்னு கேட்கும்” என்று கதவைச் சாத்தினார். பார்த்தது அந்த அம்மா மட்டுமில்லை, அவர் பயமும்தான். வெள்ளிக்கிழமை மகளுக்குத் தலைவலி. சனிக்கிழமை அவள் கண் சிவந்து எரிந்தது. மொட்டை மாடித் தூசி என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்றரை. மோப்பம் வாசலில் உட்கார்ந்து செருப்புக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். மகள் பாட்டியின் பாயில் சுருண்டு கிடந்தாள். மனைவி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மாமியார் தலைமுடியை அவிழ்த்து உதறியபடி வெளியே வந்து சொன்னார்:

“மாப்ள, நீங்க சொன்ன சாக்கடைதான் போல. நேத்து ராத்திரி வரைக்கும் குடலைப் பிடுங்கிச்சு. இன்னைக்கு நாத்தமே இல்ல, சுத்தமா நின்னு போச்சு.”

மோப்பத்தின் கையிலிருந்த சுத்தியல் தரையில் விழுந்தது.

பேட்டரி வேலைக்கு வருகிறவனுக்கு முதல் நாளே சொல்லித் தருகிற பாடம் அது. வெந்துபோன செல் விடுகிற வாயு முதலில் அழுகின முட்டையாய் நாறும். மிகுந்துவிட்டால் நாறாது. வாயு போய்விட்டதால் அல்ல, முகர்கிற மூக்கை அது கொன்றுவிட்டதால். நாற்றம் அடிக்கும்வரை நேரம் இருக்கிறது என்று அர்த்தம். யாரும் ஒன்றும் செய்யாமலே நாற்றம் நின்றால், ஓடு. அதோடு கிளம்பும் இன்னொரு வாயுவுக்கு வாடையே கிடையாது. அது மேலே ஏறித் தங்கும். ஒரே ஒரு பொறி போதும்.

“அடுப்பைப் பத்த வைக்காதே!”

அவர் போட்ட கூச்சலில் மனைவி தீப்பெட்டியைக் கீழே போட்டாள். “என்னங்க, என்னாச்சு?”

“எந்த சுவிட்சையும் தொடாதே. அத்தையைக் கூட்டிக்கிட்டு கீழே இறங்கு. ஓடு!”

“குழந்தை தூங்குது...”

“தூங்கல!”

மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தார். மகளின் தலை, சுவரடியில் இருந்த ஓட்டைக்கு ஒரு சாண் தூரத்தில் கிடந்தது. அடைத்த துணி பழுப்பேறி நொய்ந்திருந்தது. அள்ளித் தூக்கினார். தலை தோளில் தொங்கியது. மாடி விளிம்புக் காற்றில் நிறுத்தி, “பாப்பா, பாப்பா” என்று உலுக்கியதும் இருமினாள். இருமிக்கொண்டே வாந்தி எடுத்தாள். அந்த வாந்தியைப் பார்த்து இவ்வளவு மகிழ்ந்த தகப்பன் உலகத்தில் இருக்க மாட்டான்.

குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டு பேட்டரி அறைக் கதவைத் திறந்தார். அடுப்பைத் திறந்த மாதிரி வெக்கை முகத்தில் அறைந்தது. விசிறி நின்று எவ்வளவு நேரம் ஆயிற்றோ. கீழ்த் தட்டில் ஏழாவது செல் (மறுபடியும் ஏழாவது!) நடுவில் பிளந்து கிடந்தது. மற்றவை எல்லாம் வயிறு உப்பி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. ஒரு செல் செத்துவிட்டால், அதன் பங்கையும் சேர்த்து மற்றவற்றுக்கு ஊட்டுகிறது சார்ஜர். வயிறு நிறைந்த பிள்ளை வாயில் திணிக்கிற மாதிரி. சூடு ஏற ஏற அவை இன்னும் வாங்கும், வாங்க வாங்க இன்னும் சூடு. உள்ளே இருக்கிற சுவிட்சைத் தொட முடியாது. கதவுக்குக் கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு ஐந்து மாடியும் இறங்கி ஓடினார்.

தரைத்தளத்துப் பின்சுவரில் டவரின் மெயின் சுவிட்ச். இழுத்தார். கரண்ட் போயிற்று. சார்ஜர் செத்தது. சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார்.

இருபது எண்ணுவதற்குள் பக்கத்துக் கூண்டில் ஜெனரேட்டர் ஒரு செருமல் செருமி, தானே எழுந்து உறுமியது.

கரண்ட் போனால் தானாகக் கிளம்பும்படி அதைத் திருகி வைத்தவர் அவரேதான். “நான் தூங்கினாலும் அது தூங்காது” என்று பெருமை அடித்துக்கொண்டவரும் அவரே. மேலே சார்ஜர் மறுபடி ஊட்டத் தொடங்கியிருக்கும். கூண்டுக் கம்பிகளுக்கிடையே கையை நுழைத்தார், தோல் உரிந்தது, சிவப்புக் குமிழை விரல் நுனியால் எட்டி அமுக்கினார். உறுமல் முக்கி முனகி அடங்கியது. அதற்குப் பிறகு இறங்கிய அமைதி மாதிரி ஓர் அமைதியை அந்தத் தெரு கேட்டிருக்காது.

தெருவோரத்தில் நாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கீழ்வீட்டுக்காரர் கூப்பிட்ட தீயணைப்பு வண்டி வந்துகொண்டிருந்தது. ஐந்து மாடிக்காரர்களும் கட்டிய துணியோடு கீழே நின்றார்கள். மகள் தாயின் மடியில், கண் திறந்தபடி.

மோப்பம் குனிந்த தலையோடு சொன்னார்: “எனக்கு மூக்கு போயி எட்டு மாசமாச்சு.”

மனைவி நிமிர்ந்தாள். அவரைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், பிறகு ஒரு அடி தள்ளி உட்கார்ந்தாள். அந்த ஒரு அடி எத்தனை மாடி உயரம் என்று அவருக்குத் தெரிந்தது.

மாமியார்தான் பேசினார். “திரிஞ்ச பாலைக் குடிச்சப்பவே எனக்குத் தெரியும். வேணும்னுதான் குடுத்தேன். சொல்லுவீங்கன்னு பார்த்தேன்.” தன் முந்தானையில் முடிந்திருந்த தைலப் புட்டியை எடுத்து மூடியைத் திறந்து மூக்கில் வைத்தார். இன்னொரு தரம் வைத்தார். மெதுவாகக் கையை இறக்கினார். “எனக்கும் ஒண்ணும் வரலையே மாப்ள” என்றார். அந்தக் குரலில் கேலி இல்லை.

பக்கத்து டவரைப் பிடித்துப் போன் அடித்தது. மேலதிகாரி. “மோப்பம், உங்க சைட் படுத்துடுச்சே, என்ன ஆச்சு?”

“நான்தான் சார் அணைச்சேன். பேட்டரி வெந்துடுச்சு.”

“நீங்க அங்கேயே குடியிருக்கீங்க. உங்களுக்கு வாடை வரலையா?”

“வரல சார். எட்டு மாசமா எங்கேயும் வரல.”

மேலதிகாரியின் குரல் தாழ்ந்தது: “மத்த பதினொண்ணும்?”

 மோப்பம் இணைப்பை வெட்டினார். சாவிக்கொத்து இடுப்பில் கனத்தது. துணிக்கடைக்கு மேலே இருக்கும் டவர், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், ஆஸ்பத்திரி மாடி. வரிசையாக நினைவுக்கு வந்தன. எல்லாவற்றிலும் அவர் கையெழுத்து. முதலாவதாகப் பள்ளிக்கூடத்துக் காவலாளியைக் கூப்பிட்டார். பேட்டரி அறையின் சுவரோடு கட்டில் போட்டுப் படுக்கிறவன். மூக்குக்கு லீவா என்று கேட்டவன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசி அடியில் எடுத்தான்.

“தம்பி, பேட்டரி அறைப் பக்கம் ஏதாவது நாத்தம் அடிக்குதா?”

“ஐயோ அண்ணே, கேட்காதீங்க! ஒரு வாரமா அழுகின முட்டை. உங்களைக் கூப்பிடணும்னே இருந்தேன்.” குரல் தூக்கக் கலக்கத்தில் குழறியது, ஆனால் உற்சாகமாகத்தான் இருந்தது. “கவலைப்படாதீங்கண்ணே. காலையிலேர்ந்து சுத்தமா நின்னு போச்சு.”