வெற்றிலைக்கு அடியில் ஒரு படிவம்

2024 தைப்பூசத்துக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை, ஊர் ஊராகச் சுற்றிவர நான் பினாங்கை விட்டுப் புறப்பட்டேன். என்னை விமான நிலையத்துக்குக் காரில் கொண்டுபோனவள் சித்தி மகள் காமினி. அப்போது அவளுக்கு இருபத்து நான்கு வயது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் வேலை. நான்கு வருடம் ஓவர்டைம் செய்து பன்னிரண்டாயிரம் மலேசிய வெள்ளி சேர்த்திருந்தாள். அம்மாவை வாடகை வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்கு மாற்றுவதற்கான முதல் காசு அது. அதை எங்காவது போட்டு வளர்க்க நினைத்தாள். எங்கே என்றுதான் தெரியவில்லை.

பின் இருக்கையில் ஜெகதீஸ்வரி சித்தி, மடியில் ஒரு தட்டு. அன்று காலை லிட்டில் இந்தியாவில் ஜெயராஜ் என்பவரின் புது ஆபீஸ் திறப்புப் பூஜைக்குப் போய்விட்டு வந்திருந்தார். ஜெயராஜ் வருடா வருடம் தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர். சாமி முன்னால் வைத்து எடுத்த தட்டை அவர் நீட்ட, சித்தி இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாராம்.

சிவப்பு விளக்கில் நின்றபோது நான் ஒரு வாழைப்பழம் எடுத்தேன். வெற்றிலைக்கு அடியில் ஒரு படிவம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. தங்க முதலீட்டுத் திட்டம், மாதம் ஆறு விழுக்காடு லாபம் உறுதி. காமினியின் பெயர் ஏற்கெனவே எழுதியிருந்தது. தொகையும்கூட: பன்னிரண்டாயிரம்.

“அம்மா, என்கிட்ட எவ்வளவு இருக்குன்னு அவருக்கு யாரு சொன்னா?” என்றாள் காமினி.

“பந்தல்ல பழம் வெட்டுறப்போ பேச்சு வந்துச்சு லா. நல்ல மனுசன். ஆயிரம் பேருக்கு மோர் ஊத்துறாரு.”

“மோர் ஊத்த லைசென்ஸ் வேணாம். காசு வாங்க வேணும்.”

“சாமி முன்னாடி வாங்கிட்டோம்டி. திருப்பிக் குடுக்கக் கூடாது.”

“பழமும் வெத்தலயும் சாமிது, வச்சுக்கோ. ஃபார்ம் ஜெயராஜ் அண்ணனோடது.”

என்னை இறக்கிவிட்டு நேரே ஜெயராஜின் ஆபீஸுக்குத்தான் போனாளாம். “அண்ணே, லைசென்ஸ் நம்பர் குடுங்க, செக் பண்ணிட்டு வரேன்.” அவர் சிரித்தார். “நம்ம ஆளுங்களுக்குள்ள என்னம்மா லைசென்ஸ்?” படிவத்தை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். சித்தி ஒன்பது நாள் அவளோடு பேசவில்லை.

அதற்குப் பிறகு யோசனை சொன்ன எல்லாரிடமும் காமினி ஒரே கேள்வியைக் கேட்டாள்: “நான் போட்டா உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும்?” காப்புறுதி பாலிசி விற்கும் பள்ளித் தோழி பேச்சை மாற்றினாள். வீடியோவில் பங்குச் சந்தை பேசுகிறவன், முதலில் தன் வகுப்புக்குப் பணம் கட்டச் சொன்னான். கடைசியில் உரிமம் பெற்ற நிதி ஆலோசகர்களின் அரசாங்கப் பட்டியலைத் திறந்து, கடல் பாலத்துக்கு அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமில் கிளாடிஸ் என்பவரைக் கண்டுபிடித்தாள். ஒரு மணி நேரத்துக்கு முன்னூறு வெள்ளி.

“பேசுறதுக்கா முன்னூறு? நான் சும்மாவே பேசுவேனே!” என்றார் சித்தி.

கிளாடிஸ் எந்தப் பங்கின் பெயரையும் சொல்லவில்லை. கிரெடிட் கார்டு பில்லைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். மூவாயிரத்துச் சொச்சம் பாக்கி. “நான் விக்கிறது என் நேரத்தை மட்டும்தான். முதல்ல இந்தக் கடனை அடை. ஆறு மாசச் செலவைத் தனியா எடுத்து வை. மிச்சத்தை அப்புறம் பேசுவோம்.”

பாலத்தைக் கடந்து திரும்பும்போது ஏமாற்றமாக இருந்ததாம். இதைக் கேட்கவா முன்னூறு வெள்ளி என்று தோன்றியதாம். ஆனாலும் அந்த வாரமே கடனை அடைத்தாள். ஆறு மாதச் செலவை ஒதுக்கினாள். பிறகு மறுபடியும் முன்னூறு வெள்ளியோடு பாலத்தைக் கடந்தாள்.

ஒன்றரை வருடம் சுற்றிவிட்டு நான் வெறுங்கையோடு திரும்பி வந்தபோது, கிளாடிஸின் நம்பரை என் ஃபோனிலும் பதிந்துவிட்டாள்.

போன மாதம் சித்தியிடமிருந்து எனக்கு ஒரு குரல் செய்தி வந்தது.

“ஜெயராஜ் ஆபீஸ் பூட்டிக் கிடக்கும்மா. வாசல்ல ஏழெட்டுப் பேரு ஃபார்மைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறாங்க. நம்ம வீட்டுக் காசு பத்திரமா இருக்கு. அந்த கிளாடிஸ் நம்பரை அனுப்பு, என்கூட வேலை செய்ற சந்திரிகாவுக்கு வேணுமாம். முன்னூறு வெள்ளின்னு சொல்லிட்டேன். காமினிகிட்ட நான் கேக்க மாட்டேன், அவ சிரிப்பா.”