மூன்றாம் வகுப்புக் கயிறிழுப்பு

தும்புக் கயிறு உள்ளங்கையில் வழுக்கி ஓடினால் நெருப்பாய்ச் சுடும். மூன்றாம் வகுப்பில் மூன்று கிழமை அந்தச் சூட்டோடு திரிந்தேன். எண்பதுகளின் தொடக்கம். சாய்ந்தமருதில் எங்கள் பாடசாலை விளையாட்டுப் போட்டி நெருங்கியிருந்தது. எங்களுக்கும் பக்கத்து வகுப்புக்கும் கயிறிழுத்தல். இடைவேளை தோறும் மணலில் இழுத்துப் பார்த்தோம். இடைவேளை தோறும் தோற்றோம்.

வகுப்பில் பெரிய உடம்பு எனக்குத்தான். கயிற்றின் முன்தலையில் நான்தான் நிற்பேன். அங்கே நின்றால்தான் எல்லாரும் பார்ப்பார்கள். தோற்றால் மற்றவர்களை ஏசுவேன்.

றபீக் கரைவலைக்காரர் மகன். விடியலில் வாப்பாவோடு கடற்கரையில் வலை இழுத்துவிட்டு நேரே வகுப்புக்கு வருவான். முழங்கையில் செதில் ஒட்டியிருக்கும். "மீன் நாத்தம்" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு நாங்கள் வரிசையாய் உட்காரும் வாங்கின் ஓரத்துக்கு அவனைத் தள்ளியவன் நான். என்னைப் பார்த்து மற்றவர்களும் தள்ளினார்கள். பத்துப் பேர் இழுக்க வேண்டிய கயிற்றை அவனைச் சேர்க்காமல் ஒன்பது பேராகவே இழுத்தோம்.

போட்டிக்கு முதல்நாளும் தோற்றோம். பக்கத்து வகுப்பார் சிரித்துக்கொண்டு போன பிறகு றபீக் கிட்ட வந்தான்.

"நீங்க ஆளுக்கொரு நேரத்துல இழுக்கீங்க. அப்பிடி இழுத்தா வலை வராது."

"இது கயிறுடா, வலை இல்ல. நீ போய் மீனப் புடி."

அவன் போகவில்லை. மெலிந்த பொடியன்கள் நாலு பேரைத் தன் பக்கம் எடுத்தான். தடித்த நாலு பேரை என் பக்கம் விட்டான். தன் ஆட்களைக் குதிகாலை மணலில் புதைத்து மல்லாந்து சாயச் சொன்னான். பிறகு கடற்கரையில் வலை இழுப்பவர்கள் பாடுகிற அந்த "ஏலேலோ"வை எடுத்தான். கடைசி "லோ"வுக்கு மட்டும்தான் இழுப்பு. மூன்றாவது "லோ"வில் நான் குப்புறக் கிடந்தேன். வாய்க்குள்ளும் மணல்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அடித்திருப்பேன், அதோடு முடிந்திருக்கும். எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் முறைத்துக்கொண்டு போனால் திரும்பவும் ஒரு ஆள் குறையும், நாளைக்கும் தோல்விதான். அது அவர்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

எழும்பி மணலைத் துப்பினேன்.

"நான் எங்க நிக்கிற?"

"கடைசில நில்லு மச்சான். கயித்த இடுப்புல சுத்து. நீ அசையாட்டி நாங்களும் அசைய மாட்டம்."

அவன் என்னை மச்சான் என்றது அதுதான் முதல்தரம்.

மறுநாள் அவன் முன்தலையில், நான் கடைசியில். கடைசியில் நிற்பவனுக்கு எதிரியும் தெரியாது, நடுவில் கட்டிய வெள்ளைத் துணியும் தெரியாது. முன்னால் நிற்பவனின் பிடரி தெரியும், அதற்கு அப்பால் றபீக்கின் சத்தம் கேட்கும், அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்குச் சாய்ந்தேன். கயிறு வந்தது. திரும்பவும் சாய்ந்தேன். திரும்பவும் வந்தது. இரண்டு சுற்றும் வென்றோம்.

ஒன்பது பேரும் றபீக்கைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினோம். இறக்கிவிடச் சொல்லிக் கத்தினான். இறக்கவில்லை. மறுநாள் வாங்கில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார அடிபாடு; டீச்சர் பிரம்பு எடுத்தார். இடம் பிடித்தது நான்.

அந்த மணல் இன்று இல்லை. அங்கே மாடிக் கட்டடம் நிற்கிறது. கட்டிய மேசன்மாரில் நானும் ஒருவன். வாங்குகளும் போய்விட்டன, இப்போது பிள்ளைக்கு ஒரு கதிரை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். படித்ததில் பாதி மறந்து போயிற்று. ஆனால் கொங்கிறீட் போடும் நாளில் இருபது பேர் வரிசையாய் நின்று கலவைச் சட்டி கைமாற்றும்போது, யாரை எங்கே நிறுத்த வேணும், நான் எங்கே நிற்க வேணும் என்று யோசிக்கத் தேவையில்லை. நாங்கள் போட்ட தளம் ஒன்றுகூட இதுவரை வெடிப்பு விடவில்லை.