ஆயம்மா சொன்ன பொய்

எங்கள் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொண்ட ஆயம்மாவுக்கு ஆம்பிளையைப் போல அகன்ற தோள். நாங்கள் பால் வெட்டப் போயிருக்கும் நேரத்தில் பிள்ளைகள் அவரிடம்தான் முதல் வார்த்தை பேசும். ஆனால் பெற்றவள் தூக்க வந்தால், "இன்னும் பேசல தாயி" என்றே சொல்வார். அந்தச் சந்தோஷம் அவளுக்கே முதலில் கிடைக்கட்டும் என்று சொல்லும் பொய் அது.

தெஹியோவிட்ட கடைத்தெருவில் நடந்த சண்டைக்குப் பழிவாங்க, பட்டப்பகலில் ஒரு கும்பல் வந்து நாங்கள் குடியிருந்த லயத்துக்குத் தீ வைத்தது. பால் வெட்டிக்கொண்டிருந்த மலையிலிருந்து புகையைக் கண்டு ஓடிவந்தேன். அதற்குள் கும்பல் போய்விட்டது. பிள்ளைக்காம்பரா வாசலில் பால் வெட்டும் கத்தியோடு ஆயம்மா நின்றார். தோட்டைப் பிய்த்தெடுத்த காதிலிருந்து ரத்தம் ஒழுகியது. படியில் எவனுடையதோ ஒரு விரல் கிடந்தது.

"உள்ள வந்தா வெட்டுவேன்னு அவனுங்க சிங்களத்துலயே கத்துனேன். 'கப்பனவா, கப்பனவா'ன்னு தொண்ட கிழிய கத்துனேன். கேக்கல. வெட்டிட்டேன்."

அதுவரை பேச்சே வராத என் மகள் தத்தித் தத்தி வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள்.

"கப்ப... கப்ப..." என்றாள்.

நான் ஆயம்மாவைப் பார்த்தேன். அவர் கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"இன்னும் பேசல தாயி" என்றார்.