தண்ணீர் கேட்டவன்

பேய்க் கதை என்றால் எனக்குக் கொள்ளைப் பிரியம். படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியும் இருக்கிறேன். இனி முடியாது. ஏனென்றால் இது எனக்கே நடந்தது. அன்று காரை ஓட்டியவள் நான். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்வது என் வேலை. என் பார்வையில் ஒரு கோளாறும் இல்லை.

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க இருட்டுக் குழிக்குள் வேலை. அதனாலோ என்னவோ, லீவு நாளில் அவனுக்கு வெட்டவெளி வேண்டும். புதிதாக ஒரு மவுண்டன் பைக், மலைப்பாதையில் ஓட்டும் கியர் சைக்கிள், வாங்கியிருந்தான். ஊரைத் தாண்டினால் பாலைவனத்துக்குள் போகும் பழைய சாலை ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் சிவப்புப் பாறைகள், அலை அலையாக மணல். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் தொண்ணூறு கிலோமீட்டருக்கு ஒரு கடை கிடையாது, ஒரு மரம் கிடையாது. அதை ஒரே நாளில் ஓட்டி முடிக்க வேண்டும் என்பது அவன் ஆசை.

ஒரு வாரம் என் சாப்பாட்டு மேஜை முழுக்க அவன் மேப்தான். தட்டு வைக்க இடமில்லை. எந்த மேட்டில் எந்த கியர், எங்கே நிழல், எப்போது வெயில் ஏறும் என்று எல்லாவற்றையும் யோசித்துவிட்டான். தண்ணீர்தான் இடித்தது. அவ்வளவையும் முதுகில் சுமக்க முடியாது. அதனால் முதல் நாளே காரில் போய், நான்கு இடங்களில் பாறைக்கு அடியில் கேன்களை ஒளித்து வைத்துவிட்டு வருவது என்று முடிவு செய்தோம்.

சனிக்கிழமை காலை கிளம்பினோம். எல்லாம் சீல் உடைக்காத கேன்கள். எதிரே ஒரு வண்டிகூட வரவில்லை. நான்காவதை வைத்துவிட்டுத் திரும்பும்போது பகல் ஒரு மணி.

மூன்றாவது இடத்தில் நிறுத்தச் சொன்னான். சைக்கிளில் வரும்போது அந்தப் பாறை கண்ணில் படுமா என்று பார்க்க வேண்டுமாம். இறங்கிப் போனவன் கேனைத் தூக்கிக் காட்டினான்.

காலி.

சீல் உடையவில்லை. ஓட்டை இல்லை. மணலில் ஈரம் இல்லை. எங்கள் காலடித் தடங்கள் மட்டும்தான்.

வெயிலில் ஏதாவது ஆகியிருக்கும் என்றேன். எனக்கே அது நம்பும்படி இல்லை.

இரண்டாவது இடம். அதுவும் காலி.

ஆனால் இங்கே மணலில் ஒரு தடம் இருந்தது. தடித்த சைக்கிள் டயர். பாறை வரைக்கும் வந்திருந்தது... திரும்பிப் போகவில்லை.

"வண்டில ஏறுடா," என்றேன்.

கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். தம்பி டேஷ்போர்டைத் தட்டினான்.

"அக்கா, நிறுத்து. ஒருத்தன் சைக்கிளோட நிக்கிறான்."

பார்த்தேன். சாலை... மணல்... கானல்.

"யாரும் இல்லடா."

"மொதல்ல உன் கண்ண டெஸ்ட் பண்ணு," என்று சிரித்தான். அதற்குப் பிறகு அவன் சிரித்து நான் பார்க்கவில்லை.

கார் நிற்பதற்குள் கதவைத் திறந்தான். குடிக்க வைத்திருந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கினான். காருக்கு முன்னால் போய் நின்றான். யாரிடமோ பேசினான். தலையாட்டினான். பாட்டிலை நீட்டினான்...

கையை எடுத்தான்.

பாட்டில் விழவில்லை.

அந்தரத்தில் சாய்ந்தது. தண்ணீர் குறைந்தது.

மடக்... மடக்... மடக்...

ஹாரனில் வைத்த கையை நான் எடுக்கவே இல்லை. தம்பி திரும்பி வந்து உட்கார்ந்தான். உதடு வெடித்து ரத்தம் கசிந்தது.

"பாவம், தாகமா இருக்குன்னான்க்கா."

வெடித்த உதட்டை நக்கிக்கொண்டான்.

"எனக்கும் தாகமா இருக்கு."

முதல் கேன் இருந்த இடத்தில் நான் நிறுத்தவில்லை.

மறுநாள் அவன் சைக்கிளைத் தொடவில்லை. தண்ணீர் குடித்தான். குடித்துக்கொண்டே இருந்தான். குழாயில் வாயை வைத்தபடி அழுதான். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சர்க்கரை இல்லை, சிறுநீரகத்தில் குறை இல்லை. இரண்டு கையிலும் டிரிப்ஸ் ஏறியது. நாக்கு மட்டும் கட்டைபோல் காய்ந்து கிடந்தது. வியாழக்கிழமை போய்விட்டான். வெயிலில் நாள்கணக்காகக் கிடந்த உடம்பு மாதிரி இருக்கிறது என்று என் கணவரைத் தனியே கூப்பிட்டு டாக்டர் சொன்னாராம்.

இரண்டு மாதம் கழித்து, அந்த சைக்கிளை விற்க ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு என்னைத் தெரியாது. எதையும் நான் சொல்லவில்லை. யார் வாங்கினாலும் அந்தப் பாலைவன ரோட்டுக்கு மட்டும் கொண்டுபோக வேண்டாம் என்று அவராகவே பேச்சை எடுத்தார். ரொம்ப வருடமாக அங்கே ஒருவன் நின்று தண்ணீர் கேட்கிறானாம்.

"இப்ப ரெண்டு பேராம்மா," என்றார். "புதுசா வந்தவன் பொம்பளைங்க ஓட்டுற வண்டின்னா மட்டும்தான் கிட்ட வரானாம். 'அக்கா, அக்கா'ன்னு கண்ணாடியத் தட்டுறானாம்."

கார் சாவியை என் கணவர் எங்கோ ஒளித்து வைத்திருக்கிறார்.

தேடிக்கொண்டிருக்கிறேன்.